அறுந்த இழையில் யார் பேர்?

'பிஐ பிராசஸ்புக்' என்ற பெயரை இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆலைக்குள் வேலை செய்யாதவர்களுக்கு அது தேவைப்படவும் செய்யாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், காகித ஆலை, அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான சென்சார்கள் வெப்பம், அழுத்தம், ஓட்டம் என்று நொடிக்கு நொடி எண்களைக் கக்கிக்கொண்டே இருக்கும். அவற்றைத் தேதி, நேரத்தோடு சேர்த்துவைக்கும் கிடங்குக்கு இந்தத் தொழிலில் 'ஹிஸ்டோரியன்' என்று பெயர். அதாவது வரலாற்றாசிரியன். மன்னர் சொன்னதை மட்டும் எழுதிய வரலாற்றாசிரியர்களும் இருந்தார்கள் என்பதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980ல் கலிபோர்னியாவில் பேட்ரிக் கென்னடி ஒரு நிறுவனம் தொடங்கினார். பிற்பாடு ஓஎஸ்ஐசாஃப்ட் என்று அறியப்பட்ட அந்த நிறுவனத்தின் 'பிஐ', உலகில் அதிகம் புழங்கும் ஹிஸ்டோரியன்களில் ஒன்று. கிடங்கிலிருந்து எண்களை எடுத்துக் கோடாகவும் படமாகவும் திரையில் காட்டுவது பிராசஸ்புக்கின் வேலை. 2021ல் ஓஎஸ்ஐசாஃப்டை அவேவா 500 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 தொடக்கத்தில் அவேவாவே முழுசாக ஷ்னைடர் எலெக்ட்ரிக்கின் கைக்குப் போனது. பிராசஸ்புக்குக்கு 2024 டிசம்பரோடு ஆதரவு நின்றது. உலகம் முழுக்க ஆலைகள் "இனி எதைப் போடுவது?" என்று தேட ஆரம்பித்தன. அதே கம்பெனியின் பிஐ விஷன், சியாட்டிலின் சீக், பெல்ஜியத்தின் டிரெண்ட்மைனர், காசு கொடுக்காமல் கிடைக்கும் கிராஃபானா என்று பட்டியல் நீளமானது.

நான் இந்தத் தேடலில் சோறு தின்கிறவன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் ஆலைகளின் பழைய திரைகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது என் வேலை. அதில் ஒன்று கவனித்தேன். பிராசஸ்புக் திரைகளை வரைந்தவர்கள் மென்பொருள்காரர்கள் அல்லர். ஷிப்ட் இன்ஜினியர்கள், இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீஷியன்கள். இருபது வருஷமாக ஒருவர் போக ஒருவர் சேர்த்துச் சேர்த்து வரைந்தது. நடுவே விபிஏ மொழியில் நாலு வரி எழுதி, "இந்த வால்வு மூடியிருக்கும்போது அந்த அழுத்தம் ஏறினால் மஞ்சள் காட்டு" என்று சொல்லி வைத்திருப்பார்கள். அந்த நாலு வரிக்குப் பின்னால் ஒரு ராத்திரி ஷிப்ட் இருக்கும், ஏதோ ஒன்று வெடிக்கத் தெரிந்திருக்கும். திரைகளை பிஐ விஷனுக்கு மாற்றித் தர ஒரு கருவி உண்டு. அது படத்தைக் கொண்டுவந்துவிடும், விபிஏ வரிகளைக் கொண்டுவராது. முகம் வரும், ஞாபகம் வராது.

இதையெல்லாம் வெறும் தொழில்நுட்பச் சிக்கலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு அறக்கேள்வி இருக்கிறது என்பதைச் சொந்த ஊர்ப்பக்கம்தான் காட்டிக்கொடுத்தது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். கரிசல், சீமைக்கருவேலம், வருஷத்தில் பாதி மாதம் வெடித்துக் கிடக்கும் கண்மாய். மழை பெய்தால் பருத்தி, மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் மில் வேன். விடியக்காலை நாலரைக்கு முக்கில் வந்து நிற்கும் அந்த வேன்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களின் உண்மையான பாசனத் திட்டம் என்று ஒரு பெரியவர் சொல்வார். தூரத்து உறவில் ஒரு அண்ணாச்சி இந்தப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மேனேஜர். பெயர் வேண்டாம். ரிங் பிரேம்களைக் கண்காணிக்கும் பழைய மென்பொருள் இனி ஓடாது, கம்பெனி கைவிட்டுவிட்டது, புதிதாக மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது, "எது நல்லதுன்னு நீ ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லு தம்பி" என்று கூப்பிட்டார். சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நூற்பாலைக்கும் மென்பொருள் வேறு, பிரச்சினை ஒன்றுதான். போனேன்.

ரிங் பிரேமைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். நீளமான இயந்திரம், இரண்டு பக்கமும் கதிர்கள். ஒரு பக்கத்துக்கு 600 கதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதிருக்கும் அடுத்ததற்கும் 70 மில்லிமீட்டர், ஆக ஒரு பக்கம் 42 மீட்டர். ஒவ்வொரு கதிரும் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும். இழை அறும். அறுந்தால் ஒரு ஆள் நடந்து போய் ஒட்ட வேண்டும். அவர்தான் சைடர். எங்கள் ஊரில் "எத்தன சைடு பாக்குற?" என்பது சம்பளத்தைக் கேட்பதற்குச் சமமான கேள்வி. நூறு கதிர் ஒரு மணி நேரம் ஓடினால் மூன்று இழை அறும் என்று கணக்கு வைத்தால், 1,200 கதிர் உள்ள இரண்டு பிரேம்களைப் பார்க்கிற பெண்ணுக்கு மணிக்கு 72 அறுப்பு. ஐம்பது விநாடிக்கு ஒன்று. பேப்பரில் எழுதினால் சின்ன எண். எட்டு மணி நேரம் நடந்து பார்த்தால் வேறு.

இப்போதைய கருவிகள் ஒவ்வொரு கதிருக்கும் ஒரு சென்சார் வைக்கின்றன. வளையத்தில் ஓடும் டிராவலர் நின்றால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். எந்தக் கதிர், எத்தனை மணிக்கு அறுந்தது, எத்தனை விநாடி கழித்து ஒட்டப்பட்டது, எல்லாம் பதிவாகும். விளக்கு எரிந்து வழிகாட்டும், நாற்பது மீட்டரும் தேடி அலைய வேண்டாம். ஸ்விட்சர்லாந்தின் ரீட்டரும் ஊஸ்டரும், கோயம்புத்தூரின் எல்.எம்.டபிள்யூ.வும் இந்த எண்களைத் திரட்டிக் காட்ட மென்பொருள் விற்கிறார்கள். நல்ல மென்பொருள்கள்தான், குறை சொல்ல நான் வரவில்லை. அண்ணாச்சியிடம் வந்திருந்த கொட்டேஷன்கள் எந்தக் கம்பெனியுடையவை என்பதும் இங்கே தேவையில்லை.

அந்த மில்லின் பழைய திரையைத்தான் முதலில் பார்த்தேன். அசிங்கமான திரை. சாம்பல் நிறப் பின்னணி, பச்சை எழுத்து. ஆனால் ஒரு ஜன்னலில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. ஒன்று, ஷெட்டின் மொத்த இழை அறுப்பு. இன்னொன்று, ஷெட்டின் ஈரப்பதம். கம்பெனி கொடுத்ததில் அது இல்லை. அங்கே இருந்த எலக்ட்ரீசியன் ஒருவர், ஓய்வு பெறும் முன்பு, தானே ஒயர் இழுத்து ஈரப்பதக் கருவியை அதில் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஏன் சேர்த்தார் என்பது மானாவாரிக்காரனுக்குச் சொல்லாமலே புரியும். பஞ்சுக்கு ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் இழை முறுமுறுப்பாகும், மின்னேற்றம் பிடிக்கும், அறும். ரிங் பிரேம் ஷெட்டில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். வெளியே சித்திரை வெயில். உள்ளே காற்றைத் தண்ணீர்த் தெளிப்பில் நனைத்து அனுப்பும் ஹியூமிடிட்டி பிளான்ட் ஓடியாக வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். இந்தப் பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. உப்பு நாஸிலை அடைக்கும், தெளிப்பு குறையும், ஈரப்பதம் இறங்கும், அரை மணி நேரத்தில் அறுப்பு ஏறும். மத்தியானம் ஒரு வோல்டேஜ் டிப் வந்து பம்பு நின்று, யாரும் கவனிக்காமல் இருபது நிமிஷம் போனாலும் இதே கதைதான். அந்த இரண்டு கோடுகளையும் ஒன்றாகப் பார்க்கிறவனுக்கு இது ஒரே பார்வையில் தெரியும். முதலில் ஈரம் இறங்கியிருக்கும், பிறகு அறுப்பு ஏறியிருக்கும்.

வந்திருந்த மூன்று கொட்டேஷன்களும் இந்தத் திரையை விட நூறு மடங்கு அழகு. மொபைலில் பார்க்கலாம். முதலாளி மதுரையிலிருந்தோ துபாயிலிருந்தோ பார்க்கலாம். மூன்றிலும் 'ஆபரேட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று ஒரு பக்கம். ஷிப்டு முடிந்ததும் சைடர்களை வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களைப் பச்சையிலும் கீழே இருப்பவர்களைச் சிவப்பிலும் காட்டும். ஒட்டுவதற்கு எடுத்துக்கொண்ட சராசரி விநாடிதான் அளவுகோல். ஈரப்பதம்? ஒன்றில் அது தனி மாட்யூல், தனி விலை. இன்னொன்றில் உண்டு, ஆனால் வேறு பக்கத்தில். மூன்றாவது ஆள், "அது ஹெச்விஏசி டேட்டா சார், இது ப்ரொடக்‌ஷன் டேட்டா" என்றார். இரண்டும் ஏதோ ஒன்றுக்கொன்று தீட்டு மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரப்பதம் இறங்கி, நூற்றுக்கு மூன்று என்றிருந்த அறுப்பு ஆறாகிறது. அதே பெண்ணுக்கு மணிக்கு 144. இருபத்தைந்து விநாடிக்கு ஒன்று. ஒன்றை ஒட்டப் போகும்போது வேறு இரண்டு அறுந்து நிற்கும். அவை காத்துக்கிடக்கிற நேரமும் அவள் கணக்கில் சேரும். அறுப்பு இரண்டு மடங்கானால் அவளுடைய சராசரி நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, வரிசை நீள நீள எகிறும். ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இந்தக் கணிதம் தெரியும். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட வேகமாக நடந்திருப்பாள், தண்ணீர் குடிக்கப் போயிருக்க மாட்டாள். சாயங்காலம் திரையில் சிவப்பில் அவள் பேர். ஒரு எண்கூடப் பொய் இல்லை. எல்லாச் சென்சாரும் உண்மையைத்தான் சொன்னது. நாஸிலில் அடைத்த உப்பு வேறு பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லப்படும் எல்லா வாக்கியமும் உண்மையாக இருந்து, மொத்தம் அநியாயமாக இருக்க முடியுமா? முடியும் என்று நினைக்கிறேன். சாட்சி சொல்கிறவன் பார்த்ததை மட்டும்தான் சொன்னான், ஆனால் அவனை நிறுத்தி வைத்த இடத்திலிருந்து ஒரு பாதிதான் தெரியும் என்றால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் பொறுப்பாளி. மென்பொருளைத் தேர்வு செய்வது என்று நாம் சொல்வது பெரும்பாலும் சாட்சியை எங்கே நிறுத்துவது என்று தேர்வு செய்வதுதான். விலை, வேகம், மொபைல் ஆப் பற்றியெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஹிஸ்டோரியன்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. எல்லா எண்ணையும் சேமிக்க முடியாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ஃபாக்ஸ்போரோ நிறுவனத்தின் பிரிஸ்டல் என்பவர் 1987ல் காப்புரிமை பெற்ற ஒரு முறை உண்டு, 'ஆடும் கதவு' என்று மொழிபெயர்க்கலாம். வருகிற புள்ளி எதிர்பார்த்த கோட்டை ஒட்டியே இருந்தால் தூக்கி எறிந்துவிடு. விலகினால் மட்டும் வைத்துக்கொள். பிஐயும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. அதனால் திரையில் நாம் பார்க்கிற கோட்டின் பெரும்பகுதி சேமித்து வைத்தது அல்ல, மிச்சமிருக்கிற இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு விலகினால் 'விலகல்' என்று ஒருவர் எண் போட்டு முடிவு செய்திருக்கிறார். அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும், மாற்ற முடியும். ஷிப்ட் சராசரி என்பது இதைவிடக் கொடூரமான சுருக்கல். எட்டு மணி நேரத்தை ஒரே எண்ணாக்கி, இரண்டு மணிக்குப் பம்பு நின்றதைக் கரைத்துவிடுகிறது. அதற்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. கேள்வியும் கேட்பதில்லை.

ஷோஷானா சுபோஃப் 1988ல் 'இன் தி ஏஜ் ஆஃப் தி ஸ்மார்ட் மெஷின்' என்ற புத்தகம் எழுதினார். கணினி வந்த அமெரிக்கக் காகித ஆலைகளில் அவர் பார்த்தது இதன் இன்னொரு முகம். கூழைத் தொட்டும் முகர்ந்தும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடி அறைக்குள் திரைமுன் உட்கார வைக்கப்பட்டார்கள். அதே எண்களை அவர்களுக்கே கற்பிக்கவும் பயன்படுத்தலாம், அவர்களை வேவு பார்க்கவும் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் தொழில்நுட்பம் ஒன்றுதான். சுபோஃப் பிற்பாடு கூகுளைப் பற்றி எழுதியதைத்தான் நம்மாட்கள் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இந்தப் பழைய புத்தகம்தான் முக்கியமானது. அதில் வியர்வை வாசம் இருக்கிறது.

திருச்சுழி என்றதும் நண்பர்கள் ரமணரை இழுப்பார்கள். அவர் 1879ல் அங்கேதான் பிறந்தார். 'நான் யார்?' என்று கேட்கச் சொன்ன ஊர்க்காரன் நீ, உனக்கென்ன டேஷ்போர்டு என்று கிண்டல். யோசித்துப் பார்த்தால் கிண்டலில் விஷயம் இருக்கிறது. அந்தக் கேள்வி பார்க்கிறவனை நோக்கித் திரும்புகிறது. எங்கள் மென்பொருள்கள் கேட்பதும் 'யார்?' என்றுதான், ஆனால் எப்போதும் பார்க்கப்படுகிறவரை நோக்கி. பார்க்கிறவர் யார் என்ற பத்தியே டேட்டாபேஸில் கிடையாது.

இவ்வளவு நேரம் பேசியது ஒரு பக்கம். மறுபக்கத்தை எனக்குச் சொன்னவர் அந்த மில்லில் பதினோரு வருஷமாக சைடு பார்க்கிற ஒரு அக்கா. வேனுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் பேசினோம். நான் ஒரு மாதிரி கருணையோடு, "இப்படி ஒவ்வொரு இழைக்கும் கணக்கு வக்கிறது கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"தம்பி, மெசினு வராத காலத்துல யாரு கணக்கு வச்சாக? மேஸ்திரி வச்சாரு. அவருக்கு வேண்டியவுகன்னா நல்ல பிரேம் கெடைக்கும். வேண்டாதவுகன்னா ஓட்ட பிரேமு. நூலு அந்து தொங்குனா, 'ஒங்க தெரு ஆளுகளே இப்படித்தான்'னு பேசுவாரு. மெசினுக்கு எந்தத் தெருன்னு தெரியாதுல்ல? அது தேவல."

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் பெண்களை எப்படி நடத்தினார்கள் என்பது மறைவான விஷயம் அல்ல. மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் பற்றி 2011லேயே நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் விரிவாக அறிக்கை வெளியிட்டன. வேலைக்கு ஆள் பிடிக்க அந்தத் தரகர்கள் வந்ததும் மழை பொய்த்த ஊர்களுக்குத்தான். அந்த உலகத்தில் எண் என்பது அடக்குமுறை மட்டும் அல்ல, கேடயமும்கூட. மனிதக் கண்ணே நியாயமானது, இயந்திரக் கண் அநியாயமானது என்று இலக்கியவாதிகள் எளிதாகச் சொல்லிவிடுவோம். மனிதக் கண்ணால் பார்க்கப்பட்டவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

ஆனால் பேச்சு அங்கே முடியவில்லை. "ஒங்க நம்பரு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். தெரியாது. மாசக் கடைசியில் சூப்பர்வைசர் ஒரு பேப்பரைப் பார்த்து, "சரியில்ல" என்பார், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "அன்னைக்கு அனலா இருந்துச்சு, காத்தாடி ஓடல, அதான்னு சொன்னா, 'ரிப்போட்டுல அப்படி இல்லையே'ங்கிறாரு. ரிப்போட்டு என்னத்தக் கண்டுச்சு?"

சீமோன் வெய்ல் 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்டு வரை பாரிஸில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஆசிரியை, வேண்டுமென்றே போனவர். அவருடைய குறிப்புகளில் உடல் வலியைவிட அதிகம் வருத்துவது, தான் செய்வது என்ன, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாமலே தீர்ப்பு வாங்குவது. அந்த அக்கா வெய்லைப் படித்திருக்க வேண்டியதில்லை. மேஸ்திரி போய் ரிப்போர்ட் வந்தது அவருக்கு ஒரு படி மேல். ஆனால் மேஸ்திரியிடம் திருப்பிச் சண்டை போடலாம். ரிப்போர்ட்டிடம் முடியாது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதில் ஒரு விசேஷம், குடிமகனை 'அவன்' என்று சொல்லாமல் எல்லா இடத்திலும் 'அவள்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 'அவள்' சைடு பார்க்கிறவளாக இருந்தால் என்ன கிடைக்கும்? வேலை தொடர்பான நோக்கங்களுக்கு அவளுடைய தரவை அவள் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று 7ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தன் தரவைக் கேட்டுப் பெறும் உரிமையை 11ஆம் பிரிவு தருகிறது, ஆனால் சம்மதம் கொடுத்துத் தந்த தரவுக்கு. சம்மதமே கேட்கப்படாதவளுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே 1972ன் தொழிலக அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, தொழிலாளர்களின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் கருவியைக் கொண்டுவர வேண்டுமானால் அவர்கள் தேர்ந்தெடுத்த குழுவின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதாவது, அருப்புக்கோட்டையில் மேனேஜரும் அவருடைய தூரத்து உறவுக்காரனும் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்வதை, அங்கே சைடர்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

நமக்கு அது அந்நியச் சரக்கா என்றால், அப்படியும் இல்லை. எங்கள் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை மடைக்கல்லைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். கரையில் ஆடு மேய்க்கிறவர், அக்கரையில் துணி துவைக்கிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, யாருக்கும் அது தெரியும். மடை திறக்கிறவர் ஒருவர்தான், அதில் ஆயிரம் சாதி அரசியல் இருந்தது, அதை நான் பொற்காலம் ஆக்கப் போவதில்லை. ஆனால் அளவுகோல் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நின்றது. "தண்ணி இல்ல" என்று சொன்னால், "கல்லப் பாருய்யா" என்று சொல்ல முடிந்தது. ரிப்போர்ட் மேனேஜரின் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கும்போது 'கல்லப் பாரு' என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே அண்ணாச்சிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் விலைப் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. முதல் பக்கத்தில் மூன்று விஷயம். இழை அறுப்பு எங்கே காட்டப்பட்டாலும் அதே ஜன்னலில், அதே நேர அச்சில், ஈரப்பதமும் மின்தடையும் அன்றைய பஞ்சு லாட்டும் வர வேண்டும், தர முடியாத கம்பெனி வேண்டாம். திரையை மாற்றி வரையும் அனுமதி கம்பெனியிடம் மட்டும் இல்லாமல் மில்லின் எலக்ட்ரீசியனிடமும் இருக்க வேண்டும், பழைய ஆள் செய்ததை அடுத்த ஆளும் செய்ய முடிய வேண்டும். சைடருக்குத் தன் பக்கம் தெரிய வேண்டும், 'அன்றைக்குப் பம்பு நின்றது' என்று ஒரு குறிப்பை அவர் அதில் சேர்க்க முடிய வேண்டும், அந்தக் குறிப்பை மேலே இருப்பவர் அழிக்க முடியக் கூடாது.

கிராஃபானாவையும் ஒரு வழியாகச் சொன்னேன். 2014ல் டொர்கெல் ஓடெகார்ட் தொடங்கியது, மூலநிரல் திறந்தது. கம்பெனி ஒருநாள் கைவிட்டாலும் இருப்பதை வைத்து ஓட்டலாம். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், சென்சார்க்காரன் தன் எண்களை வெளியே எடுக்க விடவும் வேண்டும். திறந்த மூலம் என்றாலே அறம் வந்துவிடும் என்று நம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு. சிவப்பு-பச்சைத் தரவரிசையை கிராஃபானாவில் பத்து நிமிஷத்தில் வரைந்துவிடலாம் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

அண்ணாச்சி நல்ல மனிதர். முதல் விஷயத்தை உடனே ஒத்துக்கொண்டார், அது அவருக்கே லாபம். நாஸில் அடைப்பது முன்கூட்டியே தெரிந்தால் உற்பத்தி கூடும். இரண்டாவதற்கு, "எலக்ட்ரீசியன் எதையாச்சும் தட்டிக் கெடுத்துட்டான்னா?" என்றார். ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் போச்சு என்றேன். சரி என்றார். மூன்றாவதில்தான் நின்றது. கொட்டேஷனைப் புரட்டிக் காட்டினார். திரையைப் பார்க்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு லைசென்ஸ், வருஷா வருஷம் பணம். மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து சைடர்கள் நூற்றுக்கு மேல்.

"பாக்குறதுக்குக் காசு தம்பி. பாக்கப்படுறதுக்கு இல்ல. நானா வச்சேன் இந்த ரேட்ட?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். "ஷெட்டு வாசல்ல ஒரு பெரிய டிவி மாட்டிருவோம். ஒரே லைசென்ஸு. எல்லாரும் பாத்துக்கிறட்டும். நீ சொன்ன கண்மாய் மாதிரி."

அதில் சைடர்களின் பேரும் வரிசையும் ஓடுமா என்று கேட்டேன். "பின்ன? அதுக்குத்தான?" என்றார். கண்மாயில் தெரிவது தண்ணீரின் மட்டம், யார் எத்தனை குடம் எடுத்தார்கள் என்பது அல்ல என்றேன். பிரேம் நம்பர் போடுங்கள், ஈரப்பதம் போடுங்கள், பம்பு ஓடுகிறதா என்று போடுங்கள், பேர் வேண்டாம். பேரோடு உள்ள பக்கத்தை அந்தந்த ஆளிடம் பேப்பரில் அச்சடித்துக் கொடுத்தால் லைசென்ஸே தேவையில்லை, மாசத்துக்கு ஒரு ரீம் பேப்பர் ஆகும்.

ரீம் விலையை மேசைக் காலண்டரின் ஓரத்தில் எழுதிப் பெருக்கிப் பார்த்தார். லைசென்ஸ் தொகையை அதற்குக் கீழே எழுதினார். "பேப்பர் ஓகே. ஆனா அதுல அவுக குறிப்பு எழுதித் தந்தா, அத யாரு திரும்ப கம்ப்யூட்டர்ல ஏத்துறது?" என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மணி ஷிப்டுக்கு வேன் உள்ளே வந்தது.